தயிர்ப் பக்கம்

இவ்வளவு கோபக்காரியிடம் போய்த் தயிரைக் கொடுத்திருக்கிறார்களே என்று அந்தச் சமையலறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது சிரித்திருக்கிறார்கள். அவள் காதில் விழச் சிரித்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை சிரித்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பேர்போன கடை அது. பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வருவார்கள், காரமான குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், மறுநாளும் வருவார்கள். கூடத்துக்குப் பின்னால் நீளமான சமையலறை. ஒரு சுவரை ஒட்டி அடுப்புகள். அவற்றுக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய காற்றாடி. எதிர்ச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கல் மேடை, அதன் மூலையில் ஒரு சின்ன அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு பெரிய ஃபிரிட்ஜ். முதல் சுவருக்கு அடுப்புப் பக்கம் என்று பெயர், இரண்டாவதற்குத் தயிர்ப் பக்கம். தயிர்ப் பக்கம் முழுக்க அவள் ராஜ்யம். எல்லோருக்கும் அவள் தயிரக்கா. அவளுடைய சொந்தப் பெயரை மாமியார் மட்டும்தான் சொல்வாள், அதுவும் திட்டும்போது.

அவள் செய்தது பச்சடி மட்டும்தான். ஒரு நாள் கேரட், ஒரு நாள் பீட்ரூட், ஒரு நாள் முள்ளங்கி. கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை மாதிரித் தோன்றும். முள்ளங்கியைத் துருவி உப்புப் போட்டுப் பிசறி, அது விடுகிற தண்ணீரைத் துணியில் ஒட்டப் பிழிந்தால்தான் அதன் முரட்டு வாசனை போகும். பிழிந்த முள்ளங்கியில் உப்பு தங்கியிருக்கும் என்பதால் தயிரில் மறுபடி உப்புப் போடக் கூடாது. பீட்ரூட்டைத் தோலோடு வேகவைத்து, கை வைத்தால் குளிர்கிற அளவுக்கு ஆறவிட்டுத்தான் துருவ வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு போட்டால் தயிர் திரிந்துவிடும். கேரட்டைக் கலக்க வேண்டிய நேரம், முதல் ஆள் வந்து நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கிறபோது. அதற்கு முன்னால் கலந்தால் எல்லாம் தண்ணீர்.

தண்ணீர் என்றால் அவளுக்கு ஆகாது. "தண்ணித் தயிர் காரத்தை அணைக்காது, வாய் முழுக்கப் பரப்பும். கெட்டியா இருக்கற தயிர்தான் நாக்கு மேல உட்காந்து வேலை பார்க்கும்," என்பாள். அதனால் முதல் நாள் சாயங்காலம் உறை ஊற்றிய தயிரை ஒரு மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, கடைந்து, வறுத்துப் பொடித்த சீரகம் தூவுவாள். பாத்திரத்தில் சோப்பு வாசனை இருந்தால் கழுவியவளைத் திட்டுவாள். முள்ளங்கியை ஒடித்துப் பார்ப்பாள்; படக்கென்று ஒடியாமல் நார் இழுத்தால் காய்கறிக்காரனைக் கூப்பிட்டு, "இதைக் கயிறுன்னு சொல்லி வித்திருக்கலாமே," என்பாள். காய்கறிக்காரன் அவள் இருக்கிற பக்கத்துக் கதவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

அடுப்புப் பக்கத்தில் இருந்தவன் அவளுடைய சொந்த அண்ணன். ஊருக்கெல்லாம் மாஸ்டர். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, முதலாளியம்மாவிடம் பேசி அவளை இங்கே சேர்த்துவிட்டது அவன்தான். அதை அவன் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை. ஒரு சமயம், சாப்பிட வந்த ஓர் அம்மாள் சமையலறை வாசல் வரை வந்து, "அந்தப் பீட்ரூட் பச்சடி யார் செஞ்சது? அதுக்காகவே வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அம்மாள் தலை மறைந்ததும் அண்ணன் கரண்டியைத் தட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"சீவறா, கலக்கறா. அடுப்பே பத்த வைக்காம செய்யறதுக்கெல்லாம் சமையல்னு பேர் வச்சா, நான் எங்க போய் முட்டிக்கறது?"

"பீட்ரூட் என்ன உன் தலையிலயா வேகுது?" என்று அவள் கேட்டாள்.

சமையலறையே சிரித்தது. அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்களா அவளைப் பார்த்துச் சிரித்தார்களா என்பது தெளிவாகத் தெரியவில்லை. அவள் மட்டும், தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணன் கரண்டி பட்ட எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. வேலை முடிந்து எல்லோரும் குழம்பும் சோறுமாக உட்காரும்போது, அவள் மட்டும் தன் மேடையோரம் நின்று, தயிரும் சோறும் மிஞ்சிய பச்சடியும் சாப்பிடுவாள். பேச்சும் வேலைப் பேச்சோடு சரி. "தயிர் வேணும்." "எடுத்துக்க." அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. அண்ணன் ஒரு குழம்பை ருசி பார்த்துவிட்டு அடுத்ததை ருசி பார்ப்பதற்கு முன்னால், நாக்கைக் கழுவிக்கொள்ள ஒரு கரண்டி பச்சடி சாப்பிடுவான். அதற்காக அவள் மேடையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருப்பாள். அவன் வருவான், எடுப்பான், விழுங்குவான், போவான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கிண்ணத்தை நிரப்ப மட்டும் மறந்ததில்லை.

மழைக்காலம் முடிந்த கையோடு அண்ணனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தான். திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. அதற்குப் பிறகுதான் கூடத்திலிருந்து முணுமுணுப்பு வரத் தொடங்கியது. முதலில் தண்ணீர் அதிகமாகச் செலவானது. பிறகு தட்டுகளில் குழம்புச் சோறு மிஞ்சி வந்தது. சமையலறை ஆட்களும் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் குழம்பைச் சாப்பிட்டார்கள்; மாஸ்டரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. பிறகு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கல்லாவில் இருந்த முதலாளியம்மாவிடம், "சாப்பாட்டுக்குத்தான் வந்தேன், சண்டைக்கு இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மூலையில் அரிசி மூட்டைகள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார இடமும் இல்லை.

"காரம் தாங்கலைன்னு சொல்றாங்க. எனக்கு வயிறு சரியில்லை, நான் குழம்பைத் தொடறதே இல்லை. நீங்கதான் சொல்லணும், மாஸ்டர். என்ன மாறிப்போச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "குழம்பு எப்பவும் போலத்தாம்மா. அதே தூள், அதே அளவு. பச்சடிதான் முன்ன மாதிரி இல்லை. காரத்தை அணைக்க மாட்டேங்குது."

அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை. "என்ன மாறிச்சு பச்சடியில?"

"ருசி இல்லை. நான்தான் தினமும் சாப்பிடறேனே," என்றான் அவன், இன்னும் தரையைப் பார்த்தபடியே.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள் முதலாளியம்மா. "ஆனா நான் வெறும் சோத்துல போட்டுச் சாப்பிடறவ. எனக்கென்ன தெரியும்? மாஸ்டர் நாக்கை நம்பித்தான் இந்தக் கடையே நடக்குது." கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்தாலே முடிவு முன்பே எடுத்தாயிற்று என்று தெரிந்தது. "சின்ன டப்பாவுல தயிர் வருதாம். தட்டுக்கு ஒண்ணு வச்சிடலாம். இந்த மாசம் முடியட்டும். நீ வேற இடம் பார்த்துக்க, தயிரக்கா. உனக்குக் கிடைக்காமலா போகும்?"

அவளுக்குக் கத்தத் தெரியும். ஆனால் அன்று வாய் வரவில்லை. காய்கறிக்காரனிடம் வந்த வாய், பாத்திரம் கழுவுகிறவளிடம் வந்த வாய், வேலையே போகிற நேரத்தில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே தரை அதிரும். அந்த அறையில் அவளோடு அவள் மாமியார் இருந்தாள். மகன் ஓடிப்போனபோது, "நான் எங்க போவேன்? அவன் விட்டுட்டுப் போனது நம்ம ரெண்டு பேரையும்தான்," என்று சொல்லி மருமகளோடேயே தங்கிவிட்டவள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்: அந்த மனுஷனைத் திட்டுவதில். மற்ற எல்லாவற்றிலும் சண்டை.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? தயிர் திரிஞ்சு போச்சா?"

"வேலை போச்சு, அத்தை."

மாமியார் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நடந்ததைக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "என் மகனாவது சொல்லாம போனான். உன் அண்ணன் நேரா நின்னு சொல்லியிருக்கான். எது மேல்னு நீயே பார்த்துக்க," என்றாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க, அத்தை."

"சும்மா இருக்கத் தெரிஞ்சிருந்தா உன்கூட ஏன் இருக்கேன்?"

மறுநாள் முள்ளங்கி. துருவியில் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். விரல் நுனி துருவியில் உரசி எரிந்தது. ருசி இல்லையாம். தினமும் சாப்பிடறானாம். துருவிய முள்ளங்கியில் உப்பை அள்ளிப் போட்டுப் பிசறினாள். அந்த நேரம் பார்த்துச் சீரகம் வறுக்கிற சட்டியிலிருந்து புகை வந்தது. சட்டியை இறக்கப் போனாள். துருவல் வெறுமனே இருப்பதாக நினைத்து, அவளுக்கு உதவியாகக் காய் சீவுகிற பெண் – ஒல்லி என்று கூப்பிடுவார்கள் – இன்னொரு கை உப்புப் போட்டுவிட்டாள். திரும்பி வந்தவள் பிழிய மறந்தாள். கோபத்தில் தயிரிலும் உப்புப் போட்டுக் கடைந்தாள். கலந்தாள். கிண்ணத்தை நிரப்பி மேடையோரம் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கை இப்படித் தப்பியதில்லை.

அண்ணன் வந்தான். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். விழுங்கினான். போனான்.

கொஞ்ச நேரத்தில் ஒல்லி, வழக்கம்போல விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு ஓடித் துப்பினாள். "என்னக்கா இது, கடல் தண்ணியில கலக்கினீங்களா?"

அவள் ஒரு துளி நாக்கில் வைத்தாள். கசக்கிற அளவுக்கு உப்பு. பச்சைக் குழந்தைகூட முகத்தைச் சுளித்துத் துப்பியிருக்கும். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே அண்ணன் கொதிக்கிற குழம்பில் ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் விட்டுக்கொண்டு, கொஞ்சம் காத்திருந்து, மிளகாய்த் தூள் டப்பாவுக்குக் கையை நீட்டினான்.

"இதைக் கொட்டு. வேற முள்ளங்கி எடு. சீக்கிரம்," என்று ஒல்லியிடம் சொன்னாள். ஆனால் அவள் கண் அண்ணனை விட்டு அகலவில்லை. ஒரு சந்தேகம் முளைத்தால் அதைப் பிடுங்கிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கிண்ணத்தைக் கழுவி, கொஞ்சம் தயிரும் முள்ளங்கியும் போட்டு, அதில் சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டிக் கலக்கினாள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற இனிப்பு மாதிரி ஆயிற்று. அதே இடத்தில் வைத்தாள்.

அண்ணன் வந்தான். எடுத்தான். விழுங்கினான். இந்த முறை உடனே போகவில்லை. சமையலறைக்கே கேட்கிற மாதிரி, "இன்னைக்கும் தயிர் புளிச்சிருக்கு," என்றான்.

அவள் கையில் துருவி இருந்தது. அதை அவன் மேல் வீசாமல் மேடையில் வைத்ததுதான் அவள் வாழ்க்கையிலேயே காட்டிய பெரிய பொறுமை என்று பிற்பாடு ஒல்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அண்ணி. அண்ணிக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜையில் அண்ணன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தட்டில் சோற்றைவிட ஊறுகாய் அதிகமாக இருந்தது. அதைப் பார்த்ததுமே, அண்ணிக்கும் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வா, உட்காரு. சாப்பிடறியா?" என்றாள் அண்ணி.

"சாப்பிட்டு? ருசி எப்படின்னு சொல்ல இந்த வீட்டு மாஸ்டருக்கு நாக்கு எங்க இருக்கு?"

அண்ணன் கையைத் தட்டிலேயே வைத்திருந்தான்.

"எப்போலருந்து?" என்று கேட்டாள்.

"காய்ச்சலுக்கு அப்புறம்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு நாள் காலையில காப்பி குடிச்சேன், வெந்நீரா இருந்தது. இவ மறந்துட்டா போலன்னு திட்டினேன். அவ குடிச்சுப் பார்த்துட்டு அழுதா. உப்பு தெரியலை, புளிப்பு தெரியலை, வாசனையும் இல்லை. எரியறது மட்டும் தெரியுது. எரிஞ்சா, ஏதோ வாயில இருக்குன்னு தெரியுது."

"அதான் எரியற வரைக்கும் தூளைக் கொட்டறே."

"கை அளவுக்குத்தான் போடறேன்..."

"கை அளவுக்குப் போட்டுட்டு, நாக்கு அளவுக்குத் திரும்பப் போடறே. நான் கண்ணால பார்த்தேன். சாப்பிட வரவங்க அழுதுட்டுப் போறாங்க. அதுக்கு என் பச்சடியைக் கை காட்டறே. உப்பு மூட்டையைத் தின்னுட்டுப் பேசாம போனே. சர்க்கரையைத் தின்னுட்டுப் புளிச்சிருக்குன்னே."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டும் வேண்டுமென்றே வைத்தவை என்று நினைத்திருக்க வேண்டும். அவள் திருத்தவில்லை.

அண்ணி குறுக்கே வந்தாள். "அவர் மேல கோபப்படாதே. நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணினோம். நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா எந்தக் கடையில ஒரு சமையல்காரரை வச்சுப்பாங்க? ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீ அப்படி இல்லை. நீ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

அதுதான் அவளை அடித்தது. பொய்யைக்கூடத் தாங்கியிருப்பாள். இந்த வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணன் தட்டில் பெரிய துண்டு விழும்போது அம்மா சொன்னது: அவ கெட்டிக்காரி, கேட்டு வாங்கிப்பா. ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்றபோது அப்பா சொன்னது: அவ கெட்டிக்காரி, படிக்காமலே தெரிஞ்சுப்பா. புருஷன் போன பிறகு வந்து போன உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, உதவி என்று அவள் கேட்பதற்கு முன்னால் செருப்பைத் தேடினார்கள்.

"கெட்டிக்காரி கெட்டிக்காரின்னு சொல்லியே என் தட்டுல இருக்கறதை எடுக்கறீங்க, அண்ணி," என்றாள். குரல் உயரவில்லை. உயராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "என்கிட்ட வந்து, இப்படி ஆயிடுச்சு, என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே நாக்கைக் கொடுத்திருப்பேன். கேட்கலை. தூக்கிப் போட்டீங்க."

"எப்படிக் கேட்கறது? நீதான் பேசறதே இல்லையே," என்றான் அண்ணன்.

"நீ ஏன் பேச வைக்கலை? பெரியவன்தானே?"

அவள் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு முதல் ஆள் வந்து உட்காரறதுக்கு முன்னால நீயே போய் முதலாளியம்மாகிட்ட சொல்லிடு. நீ சொன்னா உனக்கு மரியாதை. நான் சொன்னா அது இருக்காது."

மறுநாள் கேரட். அவள் துருவிக்கொண்டே கண்ணால் அவனைத் தொடர்ந்தாள். அண்ணன் குழம்பைத் தாளித்தான். வெங்காயம் சரியான நிறத்துக்கு வந்தபோது, பார்க்காமலே, பொரிகிற சத்தத்தை வைத்தே கிளறி இறக்கினான். அந்தக் கை இன்னும் பழைய கைதான். காற்றாடிக்குக் கீழே நின்றான். கல்லா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். மறுபடி குழம்பைக் கிளறினான். தூள் டப்பாவை எடுத்தான். போட்டான். இன்னொரு தரம் போட்டான். போகவில்லை.

கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

அவள் கேரட்டைத் தயிரில் போட்டுக் கலந்தாள். அது அவள் வேலை. எவ்வளவு ஆத்திரத்திலும் அதை முதலில் செய்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராக அடுப்புப் பக்கம் நடந்தாள். அவள் அந்தப் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்துக் கரண்டியைப் பிடித்தாள். அண்ணன் கரண்டியின் மறுமுனையைப் பிடித்தான்.

"வேண்டாம்."

"விடு."

"பிள்ளைங்களுக்காகவாவது..."

"என்னை அனுப்பும்போது என்னோட இருக்கற கிழவிக்காக நீ யோசிச்சியா? விடு."

விட்டான். அவள் கொஞ்சம் குழம்பை எடுத்து, முதலில் தானே வாயில் வைத்தாள். நாக்கு, தொண்டை, காது வரை தீ ஓடியது. கண்ணில் நீர் கொட்டியது. துடைக்காமல் அப்படியே கல்லாவுக்குப் போனாள்.

"அம்மா, ஒரு சொட்டு நாக்குல வைங்க."

"என் வயிறு..."

"ஒரு சொட்டு. வயித்துக்குப் போக வேண்டாம், துப்பிடுங்க."

முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், கண்ணீரைப் பார்த்தாள், விரலால் தொட்டு வைத்தாள். உடனே இருமினாள். தண்ணீர் குடித்தாள். மேலும் இருமினாள். "இதுவா வெளிய போகுது?"

"ரொம்ப நாளா இதுதான் போகுது."

முதலாளியம்மா எழுந்து சமையலறைக்குள் வந்தாள். அவள் அங்கே வருவதே அபூர்வம். பாத்திரம் கழுவுகிறவள் குழாயை நிறுத்தினாள். ஒல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மாஸ்டர், இதை ருசி பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"பார்த்துட்டா அனுப்பறீங்க?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தங்கையைப் பார்த்தான். ஒரு வார்த்தை எடுத்துக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தான் போல. அவள் பார்வையை நகர்த்தவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

"எனக்கு ருசி தெரியலைம்மா," என்றான். "காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு."

"மிச்சத்தையும் சொல்லு," என்றாள் அவள்.

"பச்சடி மேல ஒரு குறையும் இல்லை. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

முதலாளியம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. "சரி. அப்போ நீங்க வீட்டுக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கங்க, மாஸ்டர். தயிரக்கா, அந்த டப்பாத் தயிர் வேண்டாம். நாளையிலருந்து அடுப்பையும் நீயே பார்த்துக்க. உன்னால முடியும்."

கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. அடுப்புப் பக்கம் முழுக்க அவளுடையது. எல்லோரையும் அவளைப் பார்த்துச் சிரிக்க வைத்த மனிதன் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்கிறான். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில், அவளுக்கு வந்தது என்னவோ இன்னும் பெரிய கோபம். இந்த முறை வாய் மேலண்ணத்தில் ஒட்டவில்லை.

"அன்னைக்கு அவன் ஒரு வார்த்தை சொன்னான், என்னை அனுப்பினீங்க. இன்னைக்கு நான் ஒரு கிண்ணம் கொண்டுவந்தேன், அவனை அனுப்பறீங்க. நாளைக்கு இந்த ஒல்லி வந்து ஏதாவது சொன்னா நான் எங்க போறது?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க்கா," என்றாள் ஒல்லி, பயந்துபோய்.

"உனக்கு நல்லதுதானே சொல்றேன்?" என்றாள் முதலாளியம்மா.

"எனக்கு அடுப்பு வேண்டாம்மா. நான் கேட்டது என் வேலையை. இந்தக் குழம்பை அவன் மாதிரி எனக்கு வைக்கத் தெரியாது. எந்த நேரத்துல எது இறங்கணும்னு அவன் கைக்குத்தான் தெரியும். போனது நாக்குதான். அது என்கிட்ட இருக்கு. நான் ருசி பார்த்துச் சொல்றேன், அவன் செய்யட்டும். ஒத்துவரலைன்னா அப்போ ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க. ஒருத்தரை வச்சு ஒருத்தரை அனுப்பாதீங்க."

கூடத்திலிருந்து பரிமாறுகிறவன் எட்டிப் பார்த்து, "ஆளுங்க உட்காந்தாச்சு, என்ன கொடுக்கறது?" என்று கேட்டான்.

முதலாளியம்மா குழம்பையும் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள். "முதல்ல சாப்பாடு போகட்டும்," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

தங்கைக்காக இரக்கப்பட்டு வேலைக்குச் சேர்த்தவன், இப்போது தங்கையின் தயவில் நிற்கிறான். அது அவன் தாடையில் தெரிந்தது. "உன்னை யார் எனக்காகப் பேசச் சொன்னது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"உனக்காகப் பேசலை. அடுப்பைக் குறை."

குறைத்தான்.

"ஒல்லி, பொரியலுக்கு வெந்த உருளைக்கிழங்கு இருக்கில்ல? எல்லாத்தையும் மசிச்சுக் கொண்டா. என் கெட்டித் தயிர்ல பாதியை எடுத்துட்டு வா."

மசித்த கிழங்கு குழம்பில் விழுந்தது. பிறகு தயிர். கொதிக்கிற குழம்பில் தயிரை ஊற்றினால் திரிந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். திரியாமல் ஊற்றுவது எப்படி என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. குழம்பில் ஒரு கரண்டி எடுத்துத் தயிரில் விட்டுத் தயிரை வெதுவெதுப்பாக்கி, நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே ஒரே பக்கமாகக் கிளறினான். ஒரு திப்பிகூட விழவில்லை. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள்.

"இன்னும் கிழங்கு."

போட்டான். பார்த்தாள்.

"உப்பு."

போட்டான். மறுபடி ருசி பார்க்க அவள் குனிந்தபோது, அவன் கை பழக்கத்தில் தூள் டப்பாவுக்குப் போயிற்று. "ரொம்ப சப்புன்னு ஆயிருக்கும். கொஞ்சம் தூள்..."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பாத்திரம் கழுவுகிறவள் குழாயை மறுபடி நிறுத்தினாள். அவன் டப்பாவை, அது இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. அதைவிடக் கடுமையாக இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. குழம்பு அடிப்பிடிக்குமே என்றுதான் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு பக்கமாவே கிளறு," என்றாள். கரண்டியை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு பரிமாறுகிறவனிடம் திரும்பினாள்.

"எடுத்துட்டுப் போ. கேட்டா மாஸ்டர் குழம்புன்னே சொல்லு."